முப்பத்தேழாம் தலைக்கட்டு

மஞ்சள் பைக்குள் இருப்பது கத்தி இல்லை, கத்தியாக இருந்தால் இவ்வளவு தட்டையாகக் கிடக்காது, பிடி ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும், என்று அமிர்தகடேசன் தனக்குத்தானே நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டான். சிங்காரம் பையை மடியில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டிருந்தார். ஒன்றிய அலுவலகத்தின் நடையில் போட்டிருந்த பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. காலையிலிருந்து நின்று நின்று கால் மாற்றியவர்கள்கூட அதில் வந்து உட்காரவில்லை, ஏதோ ஈரம் இருப்பது மாதிரி விலகிப் போனார்கள். இன்றைக்குக் கடைசி நாள். மூன்று மணிக்கு மேல் எந்த விண்ணப்பமும் வாங்கப்படாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. மணி இரண்டு. விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக் என்றது, டக் என்னும்போதெல்லாம் அவன் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. பஸ்ஸிலும் இப்படித்தான். ஊர் நிறுத்தத்தில் சேர்ந்துதான் ஏறினார்கள். 'போ மாப்ள, முன்னால உக்காரு' என்று சொல்லிவிட்டு அவர் நேர் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம். பிடரியில் ஒவ்வொரு மயிரும் ஒரு கண்ணாக முழித்துக்கொண்டு வந்தது. வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டபோது மண்டைக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை அவனே விரலால் தொட்டுப் பார்த்தான். இங்கே இறக்கினால் சத்தம்கூட வராது. வஞ்சிரத்துக்குச் செவுளுக்குப் பின்னால் கத்தி வைக்கிற இடம் இருக்கிறதே, அந்த இடம், அங்கே எலும்பே வழிவிட்டுக்கொடுக்கும். ரத்தம் முதலில் காலரை நனைக்கும், பிறகு மடியில் இருக்கிற ஃபைலை. ஃபைல் நனைந்தால் வாங்கமாட்டார்கள், இன்னொரு பிரதி எடுக்கவேண்டும், ஜெராக்ஸ் கடை மதியம் சாத்தியிருப்பானே என்று யோசனை ஓடியதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'என்னா மாப்ள சிரிப்பு?' என்று பின்னாலிருந்து குரல் வந்தது. 'ஒண்ணுமில்ல மாமா' என்றான். காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சு வெற்றிலை வாசனையாக இருந்தது.

மாமா என்று எந்த வாயால் கூப்பிடுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒரு கணம் தடுக்கியது. இவன் தம்பி தேசிங்கு அவர் தம்பி பூவராகனைக் கொன்று முந்நூற்று நாற்பத்தாறு நாள் ஆகிறது. கரையில், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், நாற்பது பேர் பார்க்க, நங்கூரத்தால் மண்டையில். கடலில் வலைமேல் வலை விழுந்ததில் வந்த வாய்ச்சண்டை, அவ்வளவுதான். அதைப்போல மாசத்துக்கு நாலு சண்டை வரும், போகும். அந்த நங்கூரத்தைச் செய்ததே அமிர்தகடேசன். பத்தொன்பது வருஷம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், கை சும்மா இருக்கக் கூடாதென்று தம்பியின் படகுக்குச் செய்து கொடுத்த முதல் சாமான் அது. பன்னிரண்டு மில்லி கம்பியில் நாலு கொக்கி. பற்றவைத்த இடத்தைத் தட்டிப் பார்த்து, 'இது உடையாதுடா, பாறையே உடையும்' என்று சொன்னான். சொன்னபடியே உடையவில்லை. நாலாம் நாள் சிங்காரத்தின் தெற்குத் தெரு வந்து இவனுடைய வடக்குத் தெரு வலைகளுக்குத் தீ வைத்தது. நைலான் வைக்கோல் மாதிரி எரியாது, உருகும், உருகி எரிகிற சொட்டாக விழும். இழுத்துக் காப்பாற்றப் போன ஐயாக்கண்ணுவின் கையில் வலை அப்படியே ஒட்டிக்கொண்டது, ஆஸ்பத்திரியில் பிய்த்தபோது எது வலை எது தோல் என்று தெரியவில்லை, முழங்கை வரைக்கும் கண்ணி கண்ணியாகத் தழும்பு இன்னும் இருக்கிறது. பதிலுக்கு வடக்குத் தெரு இரண்டு ஃபைபர் படகுகளைக் கோடாலியால் பிளந்தது. அப்புறம் மூன்று மாதம் போலீஸ் காவல், கடலுக்குத் தடை, சமாதானக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது இவன்தான். 'வலை பின்ன ஒரே கூடம் கட்டிக் கேப்போம். ரெண்டு தெரு வலையும் ஒரே கூரைக்குக் கீழ கெடந்தா எவன் தீ வைப்பான்?' பிறகு தெற்குத் தெரு சரி என்றது. கூடக் குழுவுக்குத் தலைவராகச் சிங்காரம், செயலாளராகக் கடேசன். இரண்டு மொழி படித்தவன், ஃபாரம் எழுதத் தெரிந்தவன், அதற்கும் மேலே, அன்றைக்கு விலக்கிவிடப் போன ஒரே ஆள். விலக்கிவிடப் போனவன். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மணிக்கட்டுக்குள் ஏதோ ஒரு நரம்பு துடிக்கும். இப்போதும் துடித்தது. அவன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

'வலைக்கூடம் யாருங்க, வாங்க' என்று உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது, மேஜைமேல் பசைப் புட்டியும் முத்திரையும் சாப்பாட்டு டப்பாவும். இருவரும் எழுந்து போனார்கள். அவர் பயனாளிகள் பட்டியலின்மேல் பென்சிலை நடத்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். 'பேரு இருநூத்திப் பன்னெண்டு. கையெழுத்து இருநூத்திப் பதினொண்ணு. முப்பத்தேழு, பூவராகன், தகப்பனார் வைத்திலிங்கம். கட்டம் காலியா இருக்கே, இவரு எங்க?' அமிர்தகடேசனுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கம். 'அவரு இறந்துட்டாருங்க' என்றான். சொல்லி முடித்ததும் பக்கத்தில் சிங்காரத்தின் மூச்சு நின்றது தெரிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். 'செத்தவர் எப்புடிங்க பயனாளி ஆவார்? படிச்சவர்தானே நீங்க?' படித்தவன்தான். படித்தவன் ஊர் ஏட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்துவிட்டான். ஊர் ஏட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர், அதுதான் தலைக்கட்டு, அந்தப் பெயருக்குத்தான் கரையில் இடம், மீனில் பங்கு. நோயில் செத்தவன் பெயரைக் கருமாதியோடு அடிப்பார்கள். அடிபட்டுச் செத்தவன் பெயரை மட்டும் வருஷம் திரும்புமுன் தொடக்கூடாது. வருஷத்தன்று ஊர்ப் பெரியவரான நாட்டார் கரையில் நின்று அந்தப் பெயரைக் கடலைப் பார்த்து மூன்று தடவை கூப்பிடுவார், பதில் வராது, அதற்குப் பிறகுதான் கோடு. முந்திக் கோடு போட்டால் இரண்டாவது தடவை கொன்றதாக ஆகும், போட்டவன் எவனோ அவனும் கொலைகாரன், ஆறின பகை முதலிலிருந்து தொடங்கும். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஊருக்கு இன்னும் சாகாதவன் சர்க்காருக்கு எப்போதோ பிணம் என்பது இவனுக்குத் தோன்றாமல் போயிற்றா? தோன்றியது. முப்பத்தேழாவது பெயரைத் தட்டியபோது விரல் நின்றது. எடுத்துவிடலாமா என்று நினைத்தான், எடுக்கிற கை தன் கையாக இருக்கும் என்று நினைத்தான், கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டான். 'பேரை அடிச்சுட்டுத் தலைவரும் செயலாளரும் பக்கத்துல சுருக்கொப்பம் வைங்க' என்றார் மேடம். 'இல்லேன்னா அந்தக் கட்டத்துல ஒரு கையெழுத்து இருக்கணும். எனக்கு எண்ணிக்கை ஒத்துப்போகணும், அவ்வளவுதான். இல்லாட்டித் திருப்பிடுவாங்க, அடுத்து எப்ப வாங்குவாங்களோ எனக்கே தெரியாது. ஒரு நிமிஷ வேலைங்க. நான் சாப்புட்டுட்டு வந்துடுறேன்.' டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பின்கட்டுக்குப் போனார். பட்டியலைக் கையில் பிடித்தபடி இருவரும் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த காலி இடத்தில் இப்போது பட்டியல் கிடந்தது.

ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கும் ஒரு நிமிஷம் ஆகவில்லை. கடேசன் அதை எத்தனையோ தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஓட்ட ஓட்ட அது இன்னும் வேகமாக முடிந்துபோகிறது. பூவராகன் துடுப்பை ஓங்கிக்கொண்டு தேசிங்கைப் பார்த்து வந்தான். துடுப்பு முதல் தடவை தேசிங்கின் தோளில் விழுந்தது, இரண்டாவது தடவை ஓங்குமுன் கடேசன் பின்னாலிருந்து போய் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். விலக்கத்தான் பிடித்தான். துடுப்பு கீழே விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். துடுப்பு விழுந்த பிறகும் ஏன் பிடித்துக்கொண்டிருந்தான்? திரும்ப எடுப்பானோ என்று. ஆமாம், திரும்ப எடுப்பானோ என்றுதான். 'விடுறா கடேசு, கைய விடு' என்றான் பூவராகன். அந்தக் குரலில் கோபம் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள், அதற்குப் பிறகு இவனை டவுன் விடுதிக்கு அனுப்பினார்கள், அவனைக் கடலுக்கு அனுப்பினார்கள், இவன் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதுகிறவனானான், அவன் கைநாட்டாகவே இருந்தான். அந்தக் காலத்தில் சிலேட்டைப் பிடுங்கும்போது சொல்வானே, அதே குரல். விடுறா கடேசு. பிறகு ஈரமான ஒரு சத்தம், இளநீரைச் சீவும்போது கத்தி ஓட்டைத் தாண்டுகிற சத்தம், முகத்தில் சூடாக ஏதோ தெறித்தது, பிடித்திருந்த மணிக்கட்டு இரண்டும் திடீரென்று கனமாகிப்போயின. ஆள் கனம் முழுக்கக் கைக்கு வந்தது. அப்போதும் அவன் விடவில்லை. நிழல் எப்போது வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. சூரியன் கடலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது, தேசிங்கு கடலுக்கு முதுகு காட்டி நின்றான், அவன் நங்கூரத்தைத் தூக்கியிருந்தால் அதன் நிழல் இவர்கள் இருவர் பக்கம்தான் விழும், மணலில் இவன் கால்மாட்டில், நாலு கொக்கியோடு ஒரு பெரிய நண்டு மாதிரி. அந்த நண்டு இவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊர்ந்து வந்து கால்விரலைத் தொட்டது. தொட்டது முதலா, விடு என்று அவன் சொன்னது முதலா? சில ராத்திரி நண்டு அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும், அப்போது இவன் நல்லவன். சில ராத்திரி நண்டு முன்னால் வரும், நண்டைப் பார்த்துவிட்டு விரல்கள் இறுகும். அன்று காலையில் பூவராகன் கரையில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டதும் அப்போது வரும். 'சிங்கப்பூர்த் தொரை படகுல ஏறமாட்டாரா? அலையப் பாத்தா ஒண்ணுக்கு வந்துடுமாமே!' நாற்பது பேர் சிரித்தார்கள். தேசிங்கும் சிரித்தான். அதற்காகவா? அதற்காக ஒருவன் அப்படி இறுக்கிப் பிடிப்பானா? பட்டறையில் ஒரு பங்களாதேஷ்க்காரன் சாரத்திலிருந்து விழுந்தபோது விபத்து அறிக்கையை எழுதியது இவன்தான். அதில் இரண்டு கட்டம் இருக்கும், உடனடிக் காரணம், மூலக் காரணம். தெரியாது என்று மட்டும் எழுதவே கூடாது என்பான் மேற்பார்வையாளன், ஏதாவது எழுது. இன்ஸ்பெக்டரிடம் அந்தக் கட்டங்கள் இல்லை. 'நீங்கதான் விலக்கிவிட்டவரா?' என்று மட்டும் கேட்டார். கேட்ட கேள்விக்கு 'ஆமாங்க' என்று பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். சென்ற மாதம் கூடத்துக்கு அளவெடுக்க வந்தபோது நாடாவின் ஒரு முனையை இவன் பிடித்தான், நாலாவது தூணுக்குக் குச்சி நட்ட இடம் எது என்று இவனுக்குத் தெரியும், மணலைக் கொஞ்சம் தோண்டினால் ரத்தம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது, 'இங்க வேணாம், ஒரு அடி தள்ளி' என்று சொல்ல வாயெடுத்து, ஏன் என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டான்.

'அடிச்சிடுவமா?' என்றார் சிங்காரம். கடேசன் திரும்பிப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அடிச்சா நீங்க ஒப்பம் வைக்கணும் மாமா.' 'ஆமா. எந்தம்பிய நானே.' விசிறி டக் என்றது. 'வச்சுட்டு ஊருக்குப் போனா எந்தெரு சின்னப் பயலுவோ என்னயத்தான் மொதல்ல வெட்டுவானுவோ. அப்புறம் ஒன்னய. அப்புறம் எவன் எவனயோ. கூடமாவது மயிராவது.' பேசிக்கொண்டே அவர் பையின் வாயைப் பிரித்தார். வலது கை உள்ளே போயிற்று. கடேசனின் உடம்பு முழுக்க ஒரு நொடியில் எழுந்து நின்றது, ஆனால் அவன் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தான். கழுத்தா வயிறா என்று மட்டும் நினைத்தான், வயிறாக இருந்தால் நேரமாகும், அலறவேண்டியிருக்கும், மேடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே. வெளியே வந்தது ஒரு தகர டப்பா. ஊதா மை ஊறிய பேடு. தெருத் தெருவாகப் போய் ரேகை எடுத்தார்களே, அந்தப் பேடு. கூடவே விரல் துடைக்கிற கந்தல். சிங்காரம் மூடியைத் திறந்து பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார். 'வையி' என்றார். 'என்னா மாமா?' 'அவன் கைநாட்டுதான? கட்டம் காலியா இருக்குல்ல? வையி.' 'நானா?' 'பொறவு நானா? எங்கையில எழுத்து இருக்கு, நான் தலைவரு.' சொல்லும்போது அவர் உதடு லேசாகக் கோணியது, சிரிப்பு மாதிரி இருந்தது. 'அவங் கை எது, ஒங் கை எது மாப்ள. கடேசியா அவன் ரெண்டு கையும் ஒங்கிட்டத்தான இருந்துச்சு.'

காது அடைத்துக்கொண்டது. நடையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள், எங்கோ தட்டச்சு ஓடியது, எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டன. 'நாப்பது பேரும் நங்கூரத்தத்தான் பாத்தானுவோ' என்றார் சிங்காரம், விலை கேட்கிறவர் மாதிரி மெதுவாக. 'நான் எந்தம்பி கையப் பாத்தன். அவன் விடச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அலை சத்தத்துல ஒனக்குக் கேக்கல போல.' இவ்வளவு நாள்? போலீஸிலும் சொல்லவில்லை, கூட்டத்திலும் சொல்லவில்லை, தலைவர் நாற்காலியில் இவன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மாதம், ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்து, பஸ்ஸில் பின்சீட்டில். 'வெலக்கத்தான் புடிச்சன் மாமா.' தன் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று கடேசனுக்குத் தெரியாது. சிங்காரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். 'இருக்கும்' என்றார். 'அத என்னய ஏன் கேக்குற? புடிச்சது நீ.' பிறகு பட்டியலை அவன் பக்கம் தள்ளினார். 'ரேகை ஒன்னுது. என்னிக்காவது எவனாவது தோண்டுனா ஒங் கட்டவெரலுதான் பேசும். பேசட்டும். அதுவரைக்கும் எந்தம்பி பேரு அழியாது, வலை எரியாது. ஒனக்குக் கூடம் வேணுமா வேணாமா?'

வேண்டும். ஐயாக்கண்ணுவின் கையில் இருக்கிற கண்ணிகளை நினைத்தபோது வேண்டும். அவன் கையை நீட்டினான், நீட்டிய கை பட்டியலுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. இது பொய்க் கைநாட்டு, சிறைக்குப் போகலாம் என்றது படித்த மூளை. இல்லை, நீ போடப்போகிற ரேகைகளிலேயே இது ஒன்றுதான் மெய் என்றது வேறு எதுவோ. அப்போது சிங்காரம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஐம்பது வருஷம் கயிறு இழுத்த கை. விரல்கள் எலும்பைத் தேடிப் போய் அமர்ந்தன. கட்டைவிரலை மையில் அமுக்கினார், தூக்கினார், கட்டத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார், நிறுத்தி அப்படியே வைத்திருந்தார். இறங்கவுமில்லை, விடவுமில்லை. கை நீலம் பாரித்தது. இவர் என்னை விலக்கப் பிடித்திருக்கிறாரா, அமுக்கப் பிடித்திருக்கிறாரா? பிடித்திருப்பவருக்கே தெரியுமா? பிடிபட்ட கைக்கு அது தெரியவே தெரியாது, பிடிபட்ட கைக்குப் பிடி மட்டும்தான் தெரியும், அது இப்போதுதான் கடேசனுக்குத் தெரிந்தது. மொசைக் தரையில் விசிறியின் நிழல் நாலு இறக்கையோடு ஊர்ந்து வந்து அவன் கால்விரலைத் தொட்டது, போயிற்று, தொட்டது. 'விடுங்க' என்றான். 'கைய விடுங்க மாமா, நானே வைக்கிறன்.' சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கோபமே இல்லாத குரல். சிலேட்டுக்காகக் கெஞ்சுகிற குரல். சிங்காரத்துக்கும் விழுந்திருக்க வேண்டும், அவர் கண் ஒரு தடவை மூடித் திறந்தது. பிறகு முழுக் கனத்தையும் போட்டு அமுக்கினார். பெஞ்சு கிறீச்சிட்டது. முப்பத்தேழாவது கட்டத்தில் ஊதாவாக, கோடு கோடாக, இன்னும் ஈரமாக, ஒரு கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது.

மேடம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். இருவரும் எழுந்து போய் மேஜைமுன் நின்றார்கள். அவர் பென்சிலால் மேலிருந்து கீழே எண்ணினார், முப்பத்தேழில் நிற்கவில்லை, கடைசியில் நிமிர்ந்தார். 'இருநூத்திப் பன்னெண்டு. சரியா இருக்கு.' முத்திரையைத் தூக்கி ஓங்கி ஒரு குத்து; கடேசனின் தோள் துள்ளி விழுந்தது. மேடம் அதைப் பார்த்தார், அப்படியே கண்ணை இறக்கி மேஜை விளிம்பில் அவர்கள் கையைப் பார்த்தார், பார்த்ததும் முகம் மலர்ந்தது. 'பரவால்லயே. அடிச்சுக்கிட்டுச் சாவுற ஊருன்னாங்க, நீங்க கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.'

'ஆமாம்மா' என்றார் சிங்காரம். மணிக்கட்டை இன்னும் விடவில்லை.